ரெவின்யூ ஸ்டாம்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு 38,500 ரூபாய்க்கு அலைகிறேன்

நேற்று மாலை நாலரை மணிக்கு, செய்து கொடுத்த வேலைக்குப் பணம் கிடையாது என்கிற மாதிரி ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. ராத்திரி தூக்கமில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும் விடு" என்று எனக்கே தோன்றிவிடும், என் சுபாவம் அப்படி. எழுத்து, எடிட்டிங், பயிலரங்கு என்று சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவர்கள் அவசியம் படியுங்கள். கடைசியில் பத்து எச்சரிக்கைகள் தருகிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. டெல்டாவில் ஒரு தனியார் பள்ளி, ஒரு அறக்கட்டளை நடத்துகிறது, ஆற்றங்கரையில் இருக்கிறது. (இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளிதான் ஆற்றங்கரையிலோ வாய்க்கால் கரையிலோ இல்லை? அதனால் தேடிப் பார்க்காதீர்கள்.) நான் இருப்பது கும்பகோணம். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. மலர், நினைவுக் குறிப்பு, கோயில் வரலாறு என்று எது வந்தாலும் எழுதித் தருவேன், திருத்தித் தருவேன், பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிலரங்கு நடத்துவேன்.

போன ஜூனில், மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணைக்கு வந்துகொண்டிருந்த வாரம், கூப்பிட்டார்கள். பள்ளிக்குப் பொன்விழாவாம். 160 பக்க மலருக்கு எடிட்டிங், பக்கத்துக்கு 100 ரூபாய். ஐந்து கட்டுரை நானே எழுதித் தர வேண்டும், ஒன்றுக்கு 2,500. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பயிலரங்கு, நாளுக்கு 5,000. கூட்டிப் பாருங்கள், 38,500 ரூபாய். ஒப்பந்தக் கடிதம் ஒன்று தயார் செய்து பையில்தான் வைத்திருந்தேன்.

அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அங்கேதான் விழுந்தேன்.

தாளாளருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறைய திருநீறு. ஆபீசில் உட்கார வைக்காமல் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கே அழைத்துப் போனார். டபராவில் காபி வந்தது. என் தாத்தா எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தார் என்று விசாரித்துவிட்டு, "அப்படின்னா நீ நம்ம வீட்டுப் பிள்ளைம்மா" என்றார். கடிதத்தை எடுக்கப் பையில் கை விட்டேன். "உனக்கும் எனக்கும் எதுக்கும்மா பேப்பர்? சரஸ்வதி காரியம் இது" என்றார். வீட்டு அம்மா உள்ளே போய்த் தட்டு கொண்டுவந்தார்கள். கொழுந்து வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, மேலே 101 ரூபாய். குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்ட கையால் அப்புறம் எப்படி ஒப்பந்தக் கடிதத்தை நீட்டுவது? நீங்களே சொல்லுங்கள்.

வேலையைப் பற்றி ரொம்பச் சொல்லவில்லை, ஆனால் கொஞ்சமாவது சொன்னால்தான் வயிறு எரிவது புரியும். வந்த பிரதிகளில் பாதி பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தன, கால்வாசி போனில் தட்டி வாட்சப்பில் அனுப்பியவை, மிச்சம் கையெழுத்து. பாமினியை யூனிகோடுக்கு மாற்றினால் நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களெல்லாம் குப்பையாகிவிடும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்தேன். ஒற்று, சந்தி பார்த்தேன். ஒரே வாழ்த்துரை இரண்டு பிரமுகர்கள் பெயரில் வந்திருந்தது, அதையும் பிடித்தேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரைத் தேடிப் போய், 1977 நவம்பர் புயலில் பள்ளிக் கூரை போன கதையை இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். நான் எழுதிய ஐந்தில் அதுதான் உருப்படியானது.

பயிலரங்கு நன்றாகவே நடந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் எத்தனை வாய்க்கால், எத்தனை மதகு, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று எழுதச் சொன்னேன். கரும்பலகை நிறைந்துவிட்டது. (அந்தப் பெயர்களைப் போட்டால் ஊர் தெரிந்துவிடும்.) கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்த பிறகு தாத்தா நாள் முழுக்கத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததை ஒரு பெண் எட்டு வரியில் எழுதியிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆவணியில் வெளியீட்டு விழா. மேடை ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் செயலர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "செக் ரெடி மேடம், ஐயா கையெழுத்துதான் பாக்கி. மேடையை விட்டு இறங்கினதும் வாங்கிக்கலாம். ஆடிட்டுக்கு வவுச்சர் வேணும், ஒரு கையெழுத்து மட்டும்" என்றார். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. "38,500 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்தது. தேதி போடும் இடம் காலி. வெளியே நாதஸ்வரம் வாசிக்கிறார்கள், சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், ஆளாளுக்கு அவசரப்படுத்துகிறார்கள். போட்டேன் கையெழுத்து.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், நினைவுப் பரிசு கொடுத்தார்கள். இறங்கி வந்தால் செயலரைக் காணோம். பஸ்ஸில் உட்கார்ந்து மலரைப் புரட்டினேன். "தொகுப்பு: தாளாளர்" என்று இருந்தது. என் புயல் கட்டுரை அவருடைய பையன் பெயரில் வந்திருந்தது. என் பெயர் நன்றியுரையில், ஒலிபெருக்கிக்காரருக்கு அடுத்து. அதிலும் எழுத்துப்பிழை.

இனி செயலர் சொன்ன சாக்குகளைக் கேளுங்கள். பயிலரங்கு முடிந்த கையோடு கேட்டபோது, "ஆடியில பணம் வெளியே கொடுக்கறதில்லை மேடம், மலர் வேலையும் முடியட்டும்." மலர் முடிந்து செப்டம்பரில் கேட்டால் ஆடிட்டர் திருப்பதி போயிருக்கிறார். அப்புறம், "பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிச்சு 34,650தான் வரும், பரவாயில்லையா?" டி.டி.எஸ். என்றால் பணம் தரும்போதே பிடித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி. சரி, பரவாயில்லை என்றேன். பிற்பாடு, அப்படிக் கட்டிய வரியைக் காட்டும் என் 26 ஏ.எஸ். படிவத்தைத் திறந்து பார்த்தால் என் கணக்கில் ஒரு பைசா கட்டவில்லை. அதை விடுங்கள், 2025 ஏப்ரலிலிருந்து இந்த மாதிரித் தொழில்முறைக் கட்டணத்துக்கு வருஷத்தில் 50,000 ரூபாய் தாண்டினால்தான் பிடித்தமே. முன்பு அது 30,000. ஆக, பிடிக்கத் தேவையே இல்லாத வரியை, கொடுக்காத பணத்தில் பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபரில் குறுவை அறுவடை. "ஐயாவோட நெல்லு கொள்முதல் நிலையத்துல மழையில நனைஞ்சு முளைச்சுக் கிடக்கு, இப்பப் போய் பணம் கேக்கலாமா?" என்றார். எனக்கே கஷ்டமாகிவிட்டது, எங்கள் சித்தப்பா நெல்லும் அப்படித்தான் கிடந்தது. அப்புறம்தான் உறைத்தது: தாளாளர் வயலுக்கும் பள்ளிக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? தீபாவளிக்கு முன்னால் நேரிலேயே போனேன். ஆபீசில் இருந்த பெண், பாவம், "அக்கா, நீங்க வந்தா ஐயா இல்லைன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் கார் வாசலில்தான் நின்றது.

நவம்பரில் செயலர் சொன்னது இது: "உங்க வீட்டுக்காரர்தான் நல்ல வேலையில இருக்காரே மேடம், உங்களுக்கு என்ன அவசரம்?" இதை அப்படியே டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தப் போனில் கடைசியாக வந்த பதில். "எடிட்டிங்னா பிழை பாக்கறதுதானே? இப்ப அதைக் கம்ப்யூட்டரே பண்ணுது. அதுவும் இல்லாம நீங்கதான் பணம் வாங்கிட்டதா ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. பொன்னாடை போத்தினோம், சாப்பாடு போட்டோம், அம்மா கையால தாம்பூலம் வாங்கினீங்க. இன்னும் என்ன மரியாதை வேணும்?"

மரியாதை! நான் கேட்டது கூலி. அந்த விழாவுக்குப் பந்தல் போட்டவரை இன்று காலை காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். "அட்வான்ஸ் கைக்கு வராம ஒரு குழிகூடத் தோண்ட மாட்டேன்மா, மீதியை வாங்கிட்டுத்தான் சாமியானாவையே அவுத்தேன்" என்றார். போட்டோக்காரர் பணம் வரும்வரை படங்களைத் தரவில்லையாம். அவர்களை யாரும் "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று சொல்லவில்லை, தட்டும் வைக்கவில்லை. அவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ரவிக்கைத் துணியும் 101 ரூபாயும்.

38,500 ரூபாய். பயிலரங்குக்கு என் கையிலிருந்து போட்ட சார்ட், ஜெராக்ஸ் செலவை இதில் சேர்க்கவில்லை.

வக்கீலாக இருக்கும் என் அண்ணனிடம் போனேன். முதலில் திட்டினார். அப்புறம், வவுச்சரில் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகும் "அடுத்த வாரம் போட்டுடறோம்" என்று அவர்கள் அனுப்பிய வாட்சப் செய்திகள் இருப்பதால் நோட்டீஸ் விடலாம் என்றார். நுகர்வோர் கோர்ட் எனக்கு உதவாது, வேலை செய்து கொடுத்தது நான். உத்யம் பதிவு (சிறு தொழில் செய்கிறவர்களுக்கான அரசுப் பதிவு) இருந்திருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்ற சட்டத்தைக் காட்டியிருக்கலாமாம். அந்தப் பதிவுக்குக் காசே கிடையாது. ஆனால் வேலைக்கு முன்பே பதிந்திருக்க வேண்டுமாம். நான் பதிந்தது போன வாரம். ஒரே ஆறுதல், உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுக்காததால் அந்த ஐந்து கட்டுரைகளும் சட்டப்படி இன்னும் என்னுடையவையாம். நோட்டீசில் அதுவும் வருகிறது.

பத்து எச்சரிக்கை என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, இவ்வளவுதான் வருகிறது. பணம் கணக்கில் ஏறாமல் ரெவின்யூ ஸ்டாம்பில் கையெழுத்துப் போடாதீர்கள், நாதஸ்வரம் வாசித்தாலும் சரி. பாதிப் பணம் முன்னால் வராமல் ஃபைலைத் திறக்காதீர்கள். போனில் பேசியதை அன்றைக்கே ஒரு வரி மெசேஜாக அனுப்பி வையுங்கள். டி.டி.எஸ். என்றால் 26 ஏ.எஸ். பாருங்கள். தாம்பூலம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஒப்பந்தக் கடிதத்தை அதே தட்டில் வையுங்கள்.

மிச்சத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குள் ஜூனிலிருந்து வந்த செய்திகள் அத்தனையையும் பிரின்ட் எடுத்து அண்ணனிடம் கொடுக்க வேண்டும்.