அண்ணாவின் தூண்டில் லைசென்ஸ்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போட், பென்ஷன், பரீட்சை விண்ணப்பம் என்று நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதுதான் வேலை. எந்தப் படிவம் ஆளை மதிக்கிறது, எது அலைக்கழிக்கிறது என்பது முதல் பக்கத்திலேயே பிடிபட்டுவிடும். 2024 மே கடைசியில் இங்கிலாந்தில் இருக்கும் அண்ணாவுக்கு, மாற்றுவலுவுள்ளோருக்கான சலுகை விலையில் மீன்பிடி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அவர் வட்ஸ்அப்பில் விவரம் சொல்ல, நான் இங்கே கடையில் இருந்து அடித்தேன்.

அண்ணாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்க்காலத்தில் எறிகணை பட்டுப் போனது. இங்கே இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் போட்ட செயற்கைக் காலோடுதான் பின்னேரங்களில் இறங்குதுறைக்கு வந்து தங்கூசித் தூண்டில் எறிவார். ஒட்டி, ஓரா, சில நாளில் வெறும் கெளிறு. எங்களிடம் எவரும் லைசென்ஸ் கேட்டதில்லை. இங்கிலாந்தில் ஆற்றிலோ குளத்திலோ தூண்டில் போட 13 வயதிலிருந்தே லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண் வரை தண்டம்.

நான் எடுத்தபோது 12 மாதத்துக்கு முழு விலை 35.80 பவுண், சலுகை விலை 23.80. இரண்டு தூண்டில் வைக்கலாம். புளூ பாட்ஜ் என்கிற, மாற்றுவலுவுள்ளோருக்கான வாகனத் தரிப்பு அட்டை இருந்தாலோ, வலுவிழப்புக்கான அரசாங்கக் கொடுப்பனவு எடுத்தாலோ சலுகை உண்டு. அண்ணா பாட்ஜ் இலக்கத்தை வாசித்தார், அடித்தேன், அடுத்த பக்கம் வந்துவிட்டது. வைத்தியரின் கடிதமும் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை.

"இவ்வளவுதானோ?" என்றார் அண்ணா.

ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒரு அலுவலகத்துக்கு உதவிப்பணம் கேட்டுப் போன நாளில், வரிசையில் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, காற்சட்டையைச் சுருட்டிக் காலைக் காட்டச் சொன்னார்கள். அண்ணா குனிந்து பட்டியை அவிழ்த்தார். கொளுவி விரலுக்குள் நிற்கவில்லை, இரண்டு தரம் வழுகியது. ஏ.எல். படிக்கிற பெடியன் நான், அவருடைய ஊன்றுதடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பன்னிரண்டு பவுண் மிச்சம் பிடித்ததைவிட, அந்த ஒற்றை இலக்கத்தோடு விட்டதுதான் எனக்குப் பெரிசு.

லைசென்ஸ் தொடங்கும் நாளை நாங்களே தெரிவு செய்யலாம் என்பது இன்னொரு வசதி. அங்கே மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் மீன் முட்டையிடும் காலம் என்று பெரும்பாலான நன்னீர் மீன்களுக்குத் தூண்டில் தடை. அதனால் ஜூன் 16 என்று போட்டேன், ஒரு நாளும் வீண் போகவில்லை.

குறையும் இருக்கிறது. ஒரு நாள், எட்டு நாள் லைசென்ஸுக்குச் சலுகை கிடையாது. வருத்தக்காரர், எப்போது எழும்பி நடப்போம் என்று தெரியாதவர், ஒரு வருடத்துக்குக் காசு கட்டித்தான் சலுகை வாங்க வேண்டும். இது சரியில்லை. பிறகு, லைசென்ஸ் இருந்தாலும் கரைக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேறு, அதற்குத் தனியாகக் காசு. அண்ணா அதை அங்கே போய்த்தான் அறிந்தார். நான் முன்னமே சொல்லியிருக்க வேணும். எடுக்கப் போகிறவர்கள் முதலில் கரையை விசாரியுங்கள்.

ஆடியில் ஒரு நாள் ஆற்றங்கரையில் அதிகாரி வந்து லைசென்ஸ் கேட்டாராம். அண்ணா கைப்பேசியில் இலக்கத்தைக் காட்டினார். அவர் இலக்கத்தைப் பார்த்தார், என்ன மீன் படுகுது என்று கேட்டார், போய்விட்டார். காலைப் பார்க்கவே இல்லை. அன்றிரவு அண்ணா இதை மூன்று தரம் சொன்னார்.

அம்மாவுக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. பிடித்த மீனைத் திரும்பவும் ஆற்றில் விடுகிறார் என்று கேட்டதும் அரிவாளை வைத்துவிட்டுக் கைப்பேசிக்குக் கிட்ட வந்தார்.

"அப்ப கறிக்கு என்ன செய்யிறாய் ராசா?"