வெளிமானும் ஏழடிப்பட்டமும்: மன்னார்குடியிலிருந்து போய்வந்த அனுபவம்

டெல்டாவில் மலை கிடையாது. மன்னார்குடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு உயரம் என்றால் ராஜகோபாலசாமி கோயில் கோபுரம்தான். மெல்பர்னில் வளரும் என் பிள்ளைகளுக்கோ லீவு விட்டாலே தேசியப் பூங்கா, மலை நடை, விலங்கு, பாறை ஓவியம். கிராம்பியன்ஸ் மலையில் ஆதிகுடிகள் வரைந்ததைப் பார்த்ததிலிருந்து, "உங்க ஊர்ல இப்படி ஒண்ணு இருக்காப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. விலங்கு பார்க்கக் கிழக்கே கோடியக்கரை. மலைக்கும் ஓவியத்துக்கும் டெல்டாவின் விளிம்பைத் தாண்டிப் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல். அம்மா வீட்டிலிருந்து எதற்குப் போனாலும் காலையில் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று, வசதிகள் எப்படி இருந்தன என்பதை எழுதுகிறேன்.

முதலில் வண்டி. மெல்பர்னில் இருந்தபடியே இணையத்தில் ஒரு டிராவல்ஸில் ஏழு சீட் காருக்கு முன்பணம் கட்டியிருந்தோம். பெயர் வேண்டாம். ஆறு மணிக்கு வரவேண்டிய வண்டி எட்டரைக்கு வந்தது, அதுவும் ஐந்து சீட். பின்சீட்டில் பெல்ட் தொங்கியது, அதை மாட்டுகிற கொக்கி சீட்டுக்கு அடியில் எங்கோ புதைந்து கிடந்தது. பையன் அதைத் தோண்டி எடுப்பதற்குள் தஞ்சாவூரே வந்துவிட்டது. கடைசியில் பில்லைப் பார்த்தால் அவர்கள் ஷெட்டிலிருந்து ஷெட்டு வரை கிலோமீட்டர் போட்டிருந்தார்கள். நம் ஊரில் அது வழக்கம்தான். ஆனால் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா? போனில் கேட்டால், "டேர்ம்ஸ்ல இருக்கு சார்." அவ்வளவுதான்.

தஞ்சாவூர் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறிவிடும். சம்பா அறுப்பு நடக்கும் வயல், ரோட்டோரம் காயும் வைக்கோல் எல்லாம் பின்னால் போய், கந்தர்வக்கோட்டைப் பக்கம் செம்மண், தைலமரம், முந்திரி. ஆதனக்கோட்டையில் ரோட்டோரம் பெண்கள் உட்கார்ந்து முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, அங்கேயே விற்கிறார்கள். கறுத்த ஓட்டுக்குள்ளிருந்து முழுப் பருப்பு உடையாமல் வெளியே வருவதை என் மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கட்டாயம் நிறுத்துங்கள்.

சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசல் போகும் வழி. வண்டி செய்த தாமதத்தால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. எங்களிடம் இருப்பது ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட். ஆனால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு நினைவுச்சின்னங்களிலும் சரணாலயங்களிலும் இந்தியர்களுக்கு உள்ள கட்டணம்தான். மத்திய அரசின் 2021 அறிவிக்கையில் அது தெளிவாக இருக்கிறது. அட்டையைக் காட்டியதும் பேச்சே இல்லாமல் இந்தியர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டுப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைக்காமல் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், பிள்ளைகளுடையதையும் சேர்த்து.

அந்த வெயிலில் மலையேறக் கிளம்பிய எங்களை அங்கிருந்த காவலாளிதான் நிறுத்தினார். "இப்ப ஏறாதீங்க தம்பி, பாறை காலைப் பொரிச்சிடும். முதல்ல ஓவியத்தைப் பாருங்க. சாப்பிட்டுட்டு வெயில் தாழ வாங்க." செருப்பு போட்டிருக்கிறோமே என்றேன். "கையை ஊனாம ஏற முடியாது" என்றார். நாள் முழுக்கக் கேட்ட பேச்சில் உருப்படியானது அதுதான். அதற்கு அவர் காசும் கேட்கவில்லை.

ஓவியம் இருப்பது அறிவர் கோயிலில், மலையைக் குடைந்து செய்த சின்னச் சமணக் குகை. முகப்பு மண்டபத்தைத் தாண்டி உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்கத் தாமரைக் குளம். முதலில் ஒன்றும் தெரியாது. வெளி வெயிலிலிருந்து போன கண்ணுக்கு அழுக்குப் பச்சையும் காவியுமாகக் கறைதான் தெரியும். ஒரு ஐந்து நிமிடம் அப்படியே நில்லுங்கள். முதலில் இலைகள் பிரிந்து தெரியும், அப்புறம் மொட்டு, அப்புறம் அதற்கு நடுவே மீன், வாத்து, யானை. குளத்துக்குள் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்களும் உண்டு. ஒருவர் தாமரைக் கட்டைத் தோளில் சாத்தியிருக்கிறார், தண்டு வளைந்து தொங்குகிறது. இலைகளில் சில விளிம்பு மடங்கிப் புரண்டிருக்கின்றன. குளத்தில் காற்றடித்தால் இலை எப்படிப் புரளும் என்று பார்த்தவன்தான் அதை வரைந்திருக்க முடியும். தூண்களில் இருக்கும் ஆடல் பெண்கள் மிகவும் மங்கிவிட்டார்கள், கையின் வளைவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது என்றே வெகு நாள் சொல்லிவந்தார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். ஆனால் அங்கேயே இருக்கும் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தையும் எடுத்ததாகச் சொல்கிறது. ஓவியமும் அந்தக் காலத்தது என்பதே இன்று பலரின் கருத்து.

காவலாளி கருவறைக்குள் பிள்ளைகளை நடுவில் நிறுத்தி, மூச்சை இழுத்து "ம்ம்ம்" என்று சொல்லச் சொன்னார். சின்ன அறைதான், சுவரெல்லாம் ஒரே கல். குரல் நெஞ்சுக்கூட்டுக்கே திரும்பி வந்து அதிர்கிறது. என் பையன் அங்கிருந்து வர மறுத்துவிட்டான். படம் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார், போனைப் பைக்குள் வைத்துவிட்டோம். வைத்ததும் நல்லதுதான், இல்லாவிட்டால் அந்த ஐந்து நிமிடம் யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

மதியத்துக்குப் புதுக்கோட்டை டவுனுக்கே திரும்பினோம். அந்த ஊரின் முட்டை மாஸ் சாப்பிடாமல் வரக்கூடாது. மெல்பர்ன் நாக்குக்கு உறைக்கும், தயிர் சொல்லிக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்குப் பிறகு ஏறினோம். ஏறுவது ஒன்றும் பெரிய மலையல்ல, தாத்தா பாட்டிகளே மெல்ல ஏறுகிறார்கள். கடைசிப் பகுதிதான் கவனமாகப் போகவேண்டியது. சரிவான பாறை விளிம்பில் கால் வைக்க ஏழு குழி வெட்டியிருக்கிறார்கள். அந்தக் குகைக்கு ஏழடிப்பட்டம் என்ற பெயரே அதனால் வந்ததுதான். இப்போது இரும்புக் கம்பி தடுப்பு இருக்கிறது. கம்பி இல்லாத காலத்தில் சமணத் துறவிகள் இங்கே எப்படிப் போய்வந்தார்களோ! உள்ளே பாறையிலேயே வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. அவற்றில் பழையதான ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து, கிமு முதல் நூற்றாண்டளவில் வெட்டியது என்கிறார்கள். எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளயர் என்பவர் செய்த இருக்கை என்று படித்திருக்கிறார்கள். யார் யாருக்குச் செய்து கொடுத்தது என்று ஊர்ப்பெயரோடு எழுதி வைக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவே இல்லை. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் டியூப்லைட்டைப் பார்த்தால் தெரியும்.

சறுக்காத அடி உள்ள ஷூ போடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். ஏறும்போது மயில் அகவுவதுதான் கேட்டது. குரங்குக்குப் பயந்து பிஸ்கட்டை ஒளித்துக்கொண்டே ஏறினாள் என் மனைவி, குரங்கு வரவேயில்லை. பெரிய காட்டு விலங்கு எதையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

அதற்குத்தான் கோடியக்கரை. இந்தத் தடவை அத்தை மகன் தலையிட்டான். "நான் ஒருத்தன் இங்க இருக்கேன், நீ எதுக்கு மச்சான் ஆன்லைன்ல தேடுற?" பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கார் ஸ்டாண்டில் ஒரு அண்ணனிடம் பேசினான். டீசல், வாடகை, பேட்டா மூன்றும் கிளம்பும் முன்பே முடிவாகிவிட்டது. விடியற்காலை ஐந்துக்கு ஹாரன் அடித்தது. பெல்ட் கொக்கி மேலேயே இருந்தது.

திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம், அங்கே உப்பளங்கள். 1930இல் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்து வந்து உப்பெடுத்தது இங்கேதான். கோடியக்கரை 1967இல் வெளிமானுக்காகவே (பிளாக்பக்) சரணாலயம் ஆனது, 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சர் ஈரநிலங்கள் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்து, திரும்பும்போது அதைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

கூட வந்த வாட்சர் பேசவே இல்லை, கையைக் காட்டினார். புல்வெளியில் கறுத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக ஒரு கிடா, சுற்றிப் பழுப்பு நிறப் பெட்டைகள். ஏதோ அரவம் கேட்டு எல்லாம் ஒரே நேரத்தில் துள்ளின. கங்காரு பார்த்து வளர்ந்த பிள்ளைகளே கைதட்டிவிட்டார்கள், வாட்சர் முறைத்தார். மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. வளர்ப்புக் குதிரைகளாக இருந்து காட்டோடு போனவை. மானுக்கான புல்லை அவையும் தின்கின்றன என்று அவருக்கு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம் சீமைக்கருவேலத்தின் மேல். 2018 கஜா புயலில் விழுந்த பெருமரங்களின் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்போதுதான் அவர் வாய் திறந்தது.

பூநாரைகளை வெகு தூரத்தில்தான் பார்த்தோம். பைனாகுலர் இல்லாவிட்டால் வெறும் வெள்ளைக் கோடு. மலை எங்கே என்று கேட்ட மகளை ராமர் பாதத்துக்குக் கூட்டிப்போனோம். சரணாலயத்திலேயே உயரமான இடம் அதுதான், ஒரு மணல்மேடு. "இதுவா?" என்றாள். டெல்டாவில் இதுதான் மலை.

பறவைக்காகப் போகிறவர்கள் மழை தொடங்கியதிலிருந்து ஜனவரிக்குள் போய்விடுங்கள். மான் எப்போதும் இருக்கும், ஆனால் விடியலிலோ சாயங்காலத்திலோதான் வெளியே வரும். சாப்பாட்டை வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வாட்சருக்குத் தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், நான் நீட்டிய ஐந்நூறுக்கு அந்தப் பக்கம் யாரிடமும் மாற்று இல்லை.