தனித்தனியாகப் பார்ப்பதா, டி.சி. மீட்டிங்கிலேயே பேசுவதா?

பிஎச்.டி. ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியில் (டி.சி.) இருவர் ஆளுக்கொரு ஆய்வு முறை கேட்டால் என்ன செய்வது? சென்னை கண்ணகி நகர் மறுகுடியேற்றம் பற்றிய பிஎச்.டி. என்று வையுங்கள், பொருளியல் பேராசிரியர் 500 வீட்டு சர்வே கேட்பார், மானுடவியல் மேடம் 20 பேரோடு உட்கார்ந்து பேசினாலே போதும் என்பார். தனித்தனியாக அறைக்குப் போனால் மனம்விட்டுப் பேசுவார்கள், சரிதான், ஆனால் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தால் இரண்டு ஆய்வும் நம் தலையில். கூட்டத்தில் கேட்பது சங்கடம். ஆனாலும் யுஜிசியின் 2022 விதிப்படி செமஸ்டர்தோறும் குழு முன் நின்றாக வேண்டியதுதானே. அங்கே முடிவானதை மினிட்ஸில் ஏற்றிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால் அப்புறம் மாற்றிப் பேசுவது கஷ்டம் (பேசுவார்கள், ஆனால் காகிதம் நம் கையில்). என் ஓட்டு கூட்டத்துக்கே. அதற்கு முன் கைடை மட்டும் பார்த்து, ஆய்வேட்டின் எந்த அத்தியாயத்துக்கு எந்த முறை என்று ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள்.