செய்முறை நிகழ்ச்சியும் போட்டி நிகழ்ச்சியும்

1963இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஜூலியா சைல்ட் பிரெஞ்சுச் சமையலைக் கற்பிக்கத் தொடங்கியபோது, பெரிதாக வெட்டி ஒட்டாமலே நிகழ்ச்சி பதிவானதால் அவருடைய கைத்தவறுகளும் அப்படியே ஒளிபரப்பாயின. பிசகியதை எப்படிச் சமாளிப்பது என்பதும் (என் பார்வையில் அதுதான் முக்கியம்) பாடத்தில் சேர்ந்துகொண்டது. 1993இல் ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘அயர்ன் செஃப்’ நிகழ்ச்சியோ, போட்டி தொடங்கும் வேளையில் அறிவிக்கப்படும் ஒரு பொருளைக் கொண்டு 60 நிமிடங்களில் பல உணவுகளைச் செய்துமுடிக்கும் பந்தயமாகச் சமையலை மாற்றியது. இவ்வகையில் அளவும் பக்குவமும் பின்னுக்குப் போக, கடிகாரமும் நடுவர்களின் முகபாவமும் முன்னுக்கு வந்தன. தேர்ந்த சமையற்கலைஞரின் வேகத்தையும் கற்பனையையும் காட்டுவதில் போட்டி வடிவத்துக்கு நிகரில்லை என்றாலும், அதைப் பார்த்து ஓர் உணவையேனும் வீட்டில் செய்துவிடுவது கடினம். கற்க விரும்புவோருக்குச் செய்முறை வடிவமே ஏற்றது. அது இன்று பெரும்பாலும் யூடியூபுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.