எரிபொருள் கியூஆர் பாஸ்: நல்ல சேவை, ஆனால் பிந்தி வந்தது

அரசாங்கச் சேவை ஒன்றை மனதாரப் பாராட்டி எழுதுவது எனக்கு அரிது. ஒவ்வொரு வாகனத்துக்கும் கிழமைக்கு இவ்வளவுதான் என்று கியூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணிப் பங்கு கொடுத்த, 2022இல் இலங்கையில் வந்த எரிபொருள் கியூஆர் பாஸுக்கு அந்தப் பாராட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம். வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், இவற்றைக் கொடுத்தால் பதிவு முடிந்தது. ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் கியூஆரை அச்சடித்து லெமினேட் பண்ணி பர்ஸில் வைத்துக்கொண்டார்கள், பெற்றோல் செட்டில் அதையும் ஸ்கேன் பண்ணினார்கள். தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. கொஞ்சம்தான், ஆனால் அவரவர் பங்கு அவரவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய மாதங்களில் செல்வாக்குள்ளவரும் கான்களில் வாங்கிக் கள்ளச் சந்தையில் விற்பவரும் முந்திக்கொள்ள, நாள்கணக்கில் நின்ற சனம் வெறும் டாங்கோடு திரும்பியது. வரிசையிலேயே செத்தவர்களும் இருக்கிறார்கள். 90களின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வடக்குச் சனத்துக்குத் தட்டுப்பாடு பழகிப்போன ஒன்று, இப்படி ஒழுங்காகப் பங்கு வைத்ததைத்தான் புதிதாகப் பார்த்தோம்.

என் கோபம் இது ஏன் மார்ச்சிலேயே வரவில்லை என்பதுதான். மார்ச் 31 கொழும்புக்குப் பக்கத்து மிரிஹானவில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவின் வீட்டுக்கு முன்னால் சனம் திரண்டது, ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்தது, 14ஆம் திகதி அவர் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார், அப்புறம்தான் பாஸுக்குப் பதிவே தொடங்கியது.

சரி, பாஸ் வரிசையைச் சுருக்கியது, டொலர் இல்லாத நாட்டுக்கு டொலர் கொண்டுவர அதனால் முடியாது. 2019 கடைசியில் சாமான்கள் மேல் போடும் வற் (பெறுமதி சேர்) வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டி வருமானத்தைத் தொலைத்தார்கள், 2021இல் இரசாயன உரத்தைத் திடுதிப்பென்று தடை செய்து விளைச்சலைக் கெடுத்தார்கள், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன் வந்து, 2024இல் வற் 18 வீதமானபோது அந்தத் தவறுகளுக்கெல்லாம் பணம் கட்டியது கடையில் சாமான் வாங்கும் நாங்கள்தான்.

பெரிய குறை மண்ணெண்ணெய். பெற்றோல் வரிசைகள் குறையத் தொடங்கிய அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. சின்னப் படகில் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் எரிபொருள். அந்த விலைக்கு அடித்துப் போய், பிடித்த மீன் செலவுக்கே காணாது என்று படகைக் கரையில் ஏற்றிவிட்டவர்கள் எத்தனையோ பேர். 2023 செப்டம்பரில் பாஸின் கிழமைப் பங்கீட்டை நீக்கிவிட்டார்கள். இன்னொரு முறை பங்கீடு வந்தால் படகுகளையும் முதல் நாளே பதிய வேண்டும், மானிய விலையையும் அந்தக் கியூஆரோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.