மடக்கு சைக்கிளும் ரயிலும்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருபவை

மடக்கு சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எடை. வருடக்கணக்கில் ஓட்டினால் அதைவிட முக்கியமாகத் தெரிவது வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள தூரம். 12 நிமிடத்தில் நடந்தால் 1 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 3. தூரம் மும்மடங்கானால், ஸ்டேஷனைச் சுற்றி எட்டக்கூடிய பரப்பு ஒன்பது மடங்காகிறது. ஸ்டேஷன் பக்கத்தில் வீடு அமையாதவர்களுக்கு இதுதான் வண்டியின் உண்மையான லாபம். 500 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. மடக்கிப் பிரித்துத் தூக்கி அலைவதைவிட நடப்பது மேல்.

16 அங்குலச் சக்கரம் நெரிசலில் நன்றாக அடங்கும். 20 அங்குலம் குண்டும் குழியுமான சாலையைத் தாங்கும். சின்னச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 1.3 மீட்டர்தான் போகும், சாதாரண சைக்கிளின் பெரிய சக்கரம் 2.1. அதனால் டயர் சீக்கிரமே தேயும். காற்று குறைந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கிவிடும். டியூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை இருந்தால் ஆணியைத் தேட வேண்டாம், காற்றுக் குறைவுதான் காரணம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவைப் பார்த்து வாரம் ஒருமுறை காற்றழுத்தம் காட்டும் கேஜ் உள்ள பம்பால் அடியுங்கள். பின்சக்கர நட்டு பல வண்டிகளில் 15 மி.மீ.; அந்த ஸ்பேனர் பையில் இல்லாவிட்டால் ஸ்பேர் டியூப் இருந்தும் பயனில்லை.

அதிகக் கவனம் கேட்பது கீல். லீவரை மூடும்போது பாதியிலேயே இறுக்கம் தெரிய வேண்டும். லீவர் சும்மா விழுந்தால் அதன் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். மிதிக்கும்போது கிரீச் சத்தம் வந்தால் பெரும்பாலும் தூசிதான். துடைத்தும் நிற்காவிட்டால் விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்த பிறகே ஓட்டுங்கள். சீட் வழுக்கி இறங்குகிறதென்றால் சீட் போஸ்டில் எண்ணெய் பட்டிருக்கும்; துணியால் சுத்தமாகத் துடைத்தாலே சரியாகிவிடும். மடங்கும் இடத்தில் பிரேக் கேபிள் ஓயாமல் வளைவதால் உள்ளே ஒவ்வொரு இழையாக அறும். ஒரு இழை பிரிந்து தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்.

மடக்கியபின் செயின் வெளிப்பக்கம் அமையும் மாடல்களில் கிரீஸ் அடுத்தவர் உடையில் படும், எனவே உறை அவசியம். பல ரயில்களில் நெரிசல் நேரத்தில் சாதாரண சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மடக்கியதைச் சாமானாக ஏற்பார்கள். ஆனாலும் விதியை முதலில் விசாரியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மடக்கு சைக்கிளின் அவசியத்தைத் தீர்மானிப்பது ஸ்டேஷன்தான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையத்தடியில் 12,500 சைக்கிள் நிறுத்த இடமுண்டு. இறங்கும் ஊரில் ஓவி-ஃபீட்ஸ் வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் சாதாரண சைக்கிளே போதும். ஆனால் பல ஊர்களில் ஸ்டேஷன் படிக்கட்டில் சைக்கிளை உருட்டப் போடும் பள்ளத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். பெடலும் ஹேண்டிலும் சுவரில் இடிப்பதால் அதை யாரும் தொடுவதில்லை. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டால் செலவு கூடாது. திட்டமிடுபவர்கள் ஒரு சைக்கிளை உருட்டிப் பார்த்திருந்தாலே இது புரிந்திருக்கும்.

வாங்கும் முன், சைக்கிளுக்குப் பதிலாக 12 கிலோ பையோடு, நெரிசல் நேரத்தில், உங்கள் ஸ்டேஷன் படிக்கட்டை ஒருமுறை ஏறிப் பாருங்கள். லிஃப்ட் இருந்தால் அது ஓடுகிறதா என்றும் பாருங்கள்.