பெட்டி பழசு, திரை புதுசு: பல்லடம் வீட்டுக்கு வாங்கிய முதல் கம்ப்யூட்டர்

கையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் தேடுகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பெட்டியை (சிபியு) பழையதாக வாங்குங்கள், திரையையும் எஸ்எஸ்டியையும் (கோப்புகளைச் சேமிக்கிற டிரைவ்) யுபிஎஸ்ஸையும் புதிதாக வாங்குங்கள். பல்லடத்தில் சித்தப்பா வீட்டுக்கு இப்படித்தான் வாங்கினோம், சில மாதமாக நன்றாக ஓடுகிறது. தங்கச்சி பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) முதலாம் ஆண்டு, அவளுக்கு டேலி என்கிற கணக்கு மென்பொருளும் எக்செல்லும் வேண்டும். சித்தப்பாவுக்குத் தறிக் கூலிக் கணக்கும் கரண்ட் பில்லும். அந்த வீட்டில் இதுவரை போனைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை.

வாங்கியது டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060, அதில் சின்ன சைஸ் பெட்டி. ஐ5-8500 பிராசசர், 8 ஜிபி ரேம். பெட்டிக்கு 14,500. அதில் இருந்த பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் புது 256 ஜிபி போட்டுத் தர 1,500. 22 இன்ச் புது மானிட்டர் 6,800, கீபோர்டு மவுஸ் 700, ஒரு கேபிள் 350, யுபிஎஸ் 2,700. மொத்தம் 26,550. பட்ஜெட் கொஞ்சம் தாண்டியது யுபிஎஸ்ஸால்தான், அது வீண் செலவு இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சித்தப்பா முதலில் கேட்டது லேப்டாப். "லேப்டாப்புன்னா தறிக்குடோனுக்கும் தூக்கிட்டுப் போலாமல்ல கண்ணு" என்றார். நியாயமான ஆசைதான். ஆனால் இந்த விலைக்குப் புதிதாக வருகிற லேப்டாப்புகளில் பலவற்றில் செலரான் என்4020 மாதிரி இரண்டு கோர் (கணக்கிடும் பகுதி) பிராசசர், 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டிக்குப் பதிலாக 64 ஜிபி ஈஎம்எம்சி என்கிற மலிவான சேமிப்பு என்றுதான் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். அதாவது வாங்கிய அன்றே மூச்சு முட்டுகிறது, அப்புறம் அப்டேட்டுக்கு இடமில்லை என்று தினமும் மெசேஜ் வரும். ரேமை போர்டிலேயே ஒட்டியிருந்தால் பின்னாடி கூட்டவும் வழியில்லை. விண்டோஸ் இல்லாத கூகுள் லேப்டாப்பான குரோம்புக் பக்கம் போகாததற்குக் காரணம் டேலி. டேலி பிரைம் விண்டோஸில்தான் ஓடும், திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் கணக்கு வேலைக்குப் போக நினைக்கிற பெண்ணுக்கு டேலி ஓடாத கம்ப்யூட்டர் எதற்கு?

சரி, பழைய பெட்டி என்றால் எந்தப் பழசு? இங்கேதான் புதியவர்கள் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். பெரிய கம்பெனிகள் மொத்தமாக எடுத்துச் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் ஆகியவைதான் கோவை, ஈரோடு, திருப்பூர் கடைகளுக்கு வருகின்றன. அலுவலகத்தில் பகல் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை என்பதால் கட்டுமானம் உறுதியாக இருக்கும். கடையில் "ஐ5", "ஐ7" என்று மட்டும்தான் சொல்வார்கள், நீங்கள் அதற்குப் பின்னால் இருக்கிற நம்பரைக் கேளுங்கள். ஐ5-8500 என்றால் 8 என்பது எட்டாம் தலைமுறை, 2018இல் வந்தது, ஆறு கோர். ஒரு கடையில் "ஐ7ங்க, 9,500 குடுங்க போதும்" என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள், பார்த்தால் ஐ7-2600. அது 2011இல் வந்த சில்லு, நான்கு கோர். ஐ7 என்கிற பெயரைப் பார்த்து எடுத்திருந்தால் ஐ5-8500ஐவிட ஏழு வருடம் பழைய சரக்கு வீட்டுக்கு வந்திருக்கும்.

எட்டாம் தலைமுறை என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும், கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகள் இப்போது மலிவாகக் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்பார்கள், ஏறவும் ஏறும், ஆனால் மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை, ஒரு பெரிய அப்டேட்டில் நின்றுபோனால் புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை என்ன செய்யும்? விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போட்டால் நான்காம் தலைமுறையே வீட்டு வேலைக்குப் போதும், நான் அதை மனதார ஆதரிப்பவன், டேலி தேவையில்லாத வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் போட்டு ஆறேழாயிரத்தில் முடித்துவிடலாம்.

இன்னொரு வகை இருக்கிறது, "புது அசெம்பிள் செட்". கேபினெட் கண்ணாடியும் கலர் லைட்டுமாகப் பளபளக்கும், போர்டு அட்டைப்பெட்டியில் சீலோடு வரும், விலையும் பதினைந்தாயிரத்துக்குள் இருக்கும். போர்டு பெயரைக் கேளுங்கள். எச்61 என்றால் அந்தச் சிப்செட் (போர்டின் முக்கியச் சில்லு) 2011இல் வந்தது, அதில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஐ5-3470 மாதிரி 2012 சில்லு. புதிய கேபினெட்டுக்கும் லைட்டுக்கும் கொடுக்கிற காசு அது.

நாங்கள் வாங்கிய கடை கோவை காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. சின்னக் கடைதான், ஏசி கிடையாது, ஆனால் எனக்குப் பிடித்துப்போனது. பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கலாமா என்று கேட்டதும் "திறந்து காட்டறதுக்கு என்னங்ண்ணா, நாளைக்கு நீங்கதான தூசி தட்டப் போறீங்க" என்று மூடியைக் கடைக்காரரே கழற்றிக் காட்டினார், ஸ்க்ரூ டிரைவரே தேவைப்படவில்லை. ரேம் ஸ்லாட் நான்கு, ஒன்றில்தான் ரேம் இருந்தது, ஆக பின்னாடி இன்னொரு 8 ஜிபி சொருகலாம். சின்ன எஸ்எஸ்டியை நேரே போர்டில் சொருகுகிற எம்.2 ஸ்லாட்டும் இருந்தது, புது எஸ்எஸ்டி அதில்தான் போட்டார்.

கடையில் நின்றபடியே நீங்கள் பார்க்கவேண்டியவை சில. டெல் பெட்டியில் சர்வீஸ் டேக் என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு இலக்கக் குறி இருக்கும், அதை போனில் டெல் தளத்தில் போட்டால் அந்தப் பெட்டி கம்பெனியிலிருந்து எப்போது கிளம்பியது என்று தெரிந்துவிடும். ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற அடிப்படை செட்டிங்ஸ்) பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிறதா என்று பாருங்கள் (எச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1). பழைய கம்பெனி போட்ட பூட்டோடு வருகிற பெட்டிகள் உண்டு, அது பின்னால் பெரிய தலைவலி. பழைய எஸ்எஸ்டியோடே எடுப்பதாக இருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள், எத்தனை மணி நேரம் ஓடியது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டும். யுஎஸ்பி ஓட்டை எல்லாவற்றிலும், முன்னாடி பின்னாடி இரண்டு பக்கமும், ஒரு பென் டிரைவைச் சொருகிப் பாருங்கள். அரைமணி நேரம் யூடியூப் ஓடவிட்டு ஃபேன் சத்தம் கேளுங்கள்.

அப்புறம் முக்கியமானது, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம். டிஜிட்டல் லைசென்ஸால் ஆக்டிவேட் ஆனது என்று வந்தால் நல்லது. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், வீட்டுக்கு விற்கிற பெட்டியில் அது பெரும்பாலும் திருட்டு முறைதான். எட்டாம் தலைமுறை அலுவலகப் பெட்டிகளில் அசல் விண்டோஸ் உரிமம் போர்டிலேயே பதிந்து வருவது வழக்கம், இருக்கிற உரிமையை விட்டுவிட்டுத் திருட்டு காப்பி எதற்கு? ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம், எக்செல் கோப்புகளைத் திறக்கும். கல்லூரியில் எக்செல் என்றே கேட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் திறந்து பிரவுசரில் இலவசமாகவே எக்செல் ஓட்டலாம். டேலியையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் படிப்பு முறையில் காசில்லாமல் பழகலாம், மாதத்தில் சில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட விடும், கற்றுக்கொள்ள அது தாராளம்.

மானிட்டரில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்காரரே 19 இன்ச் பழைய மானிட்டர் ஒன்றை 2,000க்குத் தருகிறேன் என்றார், வேண்டாமுங்க என்றுவிட்டேன். அந்த மாதிரிப் பழைய மானிட்டர்கள் பலவற்றில் 1366க்கு 768 புள்ளிதான் இருக்கும், எக்செல் திறந்தால் பாதிக் கட்டங்கள் வெளியே போய்விடும், பிள்ளை நாள் முழுக்க இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். முழு எச்டி (1920க்கு 1080 புள்ளி), ஐபிஎஸ் பேனல், இது இரண்டும் இருக்கிற புது 22 இன்ச் ஏழாயிரத்துக்குள் கிடைக்கிறது. ஐபிஎஸ் என்றால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது, சித்தி கட்டிலில் உட்கார்ந்தே சமையல் வீடியோ பார்க்கிறார். பெட்டி நாளைக்குப் போனாலும் திரை அடுத்த பெட்டிக்கு உதவும். கண்ணுக்கு நேராக இருக்கிற பொருள் அது ஒன்றுதான், அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

குறைகளும் இருக்கின்றன. எங்கள் பெட்டியில் எச்டிஎம்ஐ கிடையாது, பின்னால் திரையை இணைக்க இரண்டு டிஸ்ப்ளேபோர்ட்தான், பட்ஜெட் மானிட்டரிலோ எச்டிஎம்ஐயும் விஜிஏவும்தான் இருக்கும். அதற்குத்தான் அந்த 350 ரூபாய் கேபிள், கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், பல்லடத்தில் தேடி அலையவேண்டாம். வைஃபையும் இல்லை. ரவுட்டர் பக்கத்திலேயே மேசை போட்டு கேபிள் இழுத்துவிட்டோம், முடியாதவர்கள் யுஎஸ்பி வைஃபை ஒன்று சொருகிக்கொள்ளலாம். வெப்கேம், மைக் தனியாகத்தான். பெரிய குறை என்றால் எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற பகுதி. இந்தப் பெட்டிக்கு வடிவமே தனி, ஊரில் கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, போய்விட்டால் அதே மாடலுக்கானதைத் தேடித்தான் வாங்கவேண்டும்.

அதனால்தான் யுபிஎஸ்ஸில் நான் சமரசம் பேசவில்லை. தறி ஓடுகிற ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் எடுக்கிற நாளும் உண்டு. 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால் பட்டென்று கரண்ட் போனாலும் வேலையைச் சேமித்துவிட்டு அணைக்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள், அதில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள், சாதாரண மோடில் கரண்ட் மாறுகிற இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து எழலாம். லேசர் பிரின்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டவேண்டாம், தாங்காது.

கரண்ட் பில் கூடிவிடுமோ என்று சித்தப்பா கவலைப்பட்டார். பெட்டியும் திரையும் சேர்ந்து 50 வாட் என்றே வைத்தாலும், தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். அவ்வளவுதான். பஞ்சுதான் உண்மையான எதிரி. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன் ஒட்டிய வீடுகளில் காற்றிலேயே பஞ்சு பறக்கும், அது ஃபேனிலும் வெப்பத் தகட்டிலும் மெத்தை மாதிரி படிந்துவிடும். மாதம் ஒருமுறை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து சின்ன பிரஷ்ஷால் தட்டச் சொல்லியிருக்கிறேன், ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு. தரையில் வைக்கவே கூடாது.

சித்தப்பாவுக்கு நிஜமான சந்தோஷம் தமிழில் அடித்தபோதுதான் வந்தது. விண்டோஸ் 11இல் தமிழ் மொழியைச் சேர்த்தாலே தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் (ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுவது) கிடைக்கிறது, தனியாக எதையும் இறக்கவேண்டியதில்லை. தங்கச்சி ஒலிபெயர்ப்பில் அடிக்கிறாள். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை, அதனால் தமிழ்99 பழக்கினேன், உயிரெழுத்து இடது கைப் பக்கம், மெய் வலது கைப் பக்கம், சீக்கிரமே பிடித்துக்கொண்டார். இப்போது தறிக் கூலி நோட்டு முழுவதும் தமிழில்தான் ஷீட்டில் ஏறுகிறது. ஆட்கள் பெயர் தமிழிலேயே வருவதால் சனிக்கிழமை கூலி போடும்போது சித்தியும் சரிபார்க்க முடிகிறது.

கேம் ஆடவும் பெரிய வீடியோ எடிட்டிங் செய்யவும் இந்தப் பெட்டி ஆகாது. ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கும் ஆகாது, அவர்கள் கொஞ்சம் காசு சேர்த்து லேப்டாப்பே வாங்கட்டும். மற்றபடி பி.காம். படிப்பு, கணக்கு, ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பங்கள், இதற்கெல்லாம் வேகம் தாராளமாக இருக்கிறது.

எங்களுக்குப் பெட்டிக்கு ஆறு மாதம் கடை வாரண்டி, எஸ்எஸ்டிக்கும் மானிட்டருக்கும் மூன்று வருடம் கம்பெனி வாரண்டி. ஜிஎஸ்டி பில்லில் சர்வீஸ் டேக் நம்பரை எழுதி வாங்குங்கள், வெறும் துண்டுச்சீட்டில் கொடுத்தால் எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடை பூட்டியிருக்கும், சனிக்கிழமை பொழுதோட கூட்டம் நெரியும், ஓட்டிப் பார்க்க நேரம் தரமாட்டார்கள். வார நாளில் காலையில் போங்கள்.